சுடலைமுத்து திருப்பி அடிக்காத நாள்

செய்தி வந்தபோது நான் மும்பையில், கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். அழைப்பு சுடலைமுத்துவின் மனைவி செல்வியின் எண்ணிலிருந்து வந்தது. பேசியது அவள் மகள் பூஜா. "டீச்சர், அப்பாவ அடிச்சிட்டாங்க" என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டே நான் டாக்சிக்குக் கையை நீட்டினேன். "மெதுவா வாங்க டீச்சர். அப்பா போயிட்டாரு" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். தாராவியில் அவர் வீட்டுச் சந்து முனையில் இரண்டு கடைக்காரர்களுக்குள் தகராறு. ஒருவர் தன் கடையின் தகரக் கூரையை அடுத்தவர் பக்கம் நீட்டிவிட்டார். வாய்ச்சண்டை கைகலப்பானது. அந்த வழியாக வந்த சுடலைமுத்து இருவரையும் விலக்கிவிடப் போனார். பின்னாலிருந்து ஒரு இரும்புக் குழாய் அவர் பிடரியில் இறங்கியது. அவரை அடிக்கவேண்டும் என்று எண்ணி அடித்ததுகூட இல்லையாம். அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க அவர் இல்லை.

அவரை அறிந்தவர்கள் படிப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு அவர், எதிரே வந்தால் சந்தின் மறுபக்கம் ஒதுங்கவைத்த சுடலை அண்ணன். வேறு சிலருக்கு, செம்பூரில் எங்கள் பள்ளி வாசலில் மகளின் சாப்பாட்டுப் பையோடு மதில் ஓரமாக நிற்கும் ஒரு தகப்பன். இரண்டு பேரையும் பார்த்தவள் நான். அந்தத் தனியார் பள்ளியில் ஆசிரியை. பல ஆண்டுகளாகச் சேர்க்கை வேலையும் என்னிடம்தான் இருக்கிறது.

முதன்முதலில் அவரைப் பார்த்தது, அவர் ஒரு மனிதரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது.

ஒன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் கொடுக்கும் நாள். வாசலில் நீண்ட வரிசை. காரில் வந்து இறங்கிய ஒருவர் நேராக முன்னால் போய் நின்றார். வரிசையில் நின்றிருந்த செல்வி, பின்னால் வரும்படி ஹிந்தியில் சொன்னாள். தாராவிக்காரி எனக்கு வரிசை கற்றுத் தருகிறாயா என்று கேட்டு அவர் அவளைத் தோளில் கைவைத்துத் தள்ளினார். செல்வி சுவரில் மோதினாள். சத்தம் கேட்டு நான் வெளியே ஓடி வந்தபோது அந்த மனிதரின் கால்கள் தரையில் இல்லை. கழுத்து, சுடலைமுத்துவின் முன்கைக்கும் கேட்டின் கம்பிக்கும் நடுவே மாட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடி கீழே மிதிபட்டுக் கிடந்தது. இரண்டு காவலாளிகள் சுடலைமுத்துவின் கையைப் பிடித்துத் தொங்கியும் அது அசையவில்லை.

"விடுங்கோ! மொதல்ல கைய எடுங்கோ!" என்று கத்தினேன்.

தமிழைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார். கை தானாக இறங்கியது. அந்த மனிதர் மூட்டையாகச் சரிந்து விழுந்து இருமினார். செல்வி கணவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "உம்ம கையாலதான் நம்ம பொழப்பே போவுது. இன்னைக்கி எம் புள்ள படிப்பும் போச்சு."

அந்தக் குடும்பத்தின் விண்ணப்பத்தை வாங்கவேண்டாம் என்றார் எங்கள் தலைமையாசிரியை. முதலில் ஒரு பெண்ணின் மேல் கைவைத்தது யார் என்பது வாசல் கேமராவில் இருக்கிறது என்றேன். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு, "வாங்கிக்கொள். உறுதி எதுவும் கொடுக்காதே" என்றார். வெளியே வந்து சுடலைமுத்துவைத் தனியே கூப்பிட்டேன்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா ஒங்க பொண்ணு இந்தக் கேட்டுக்குள்ள வரமுடியாது. புரியறதா?"

"கை வச்சாத்தான தப்பு டீச்சர்? வைக்கலன்னா?"

"வைக்கலைன்னா இண்டர்வியூ."

தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரி, வைக்கல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சத்தியம் எதுவும் செய்யவில்லை.

கட்டணச் சலுகைக்கான மனுவைக் கொடுக்க அடுத்த வாரம் தனியாக வந்தார். அதில் தகப்பனின் தொழில் என்ற இடம் காலியாக இருந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "இப்ப பங்கார் கோடவுன்ல மூட்ட தூக்குதேன்" என்றார். பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பிரிக்கிற கிடங்கு. அதற்கு முன்னால் என்ன வேலை என்று கேட்டபோது, மறைக்காமல் சொன்னார். "ரூம் காலி பண்ணிக் குடுக்கது."

பால்ராஜ் என்ற ஒருவரிடம் இருந்திருக்கிறார். வாடகைக்கு இருப்பவர்களை வெளியேற்றிவிட்டு அறைகளை விற்பது பால்ராஜின் தொழில். போகமாட்டேன் என்பவர்களைப் போகவைப்பது சுடலைமுத்துவின் வேலை. கடைசியாகச் செய்ததை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அந்தாளு கதவ விட மாட்டேன்னுட்டான். நெலையப் புடிச்சிக்கிட்டு நின்னான். நான் கதவச் சாத்துனேன். வெரலு நாலும் உள்ள கெடந்துச்சி. மறுபடியும் தொறந்து சாத்துனேன். அவன் மவ, நம்ம பூஜா வயசு இருக்கும், உள்ள நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அழல. ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா. மறுநா காலைல பூஜாவுக்குத் தல சீவ சீப்ப எடுத்தேன். எங் கைய பாத்து அவ பின்னால போனா டீச்சர். எம் புள்ள. நான் அவள ஒரு நாளும் தொட்டு அடிச்சது கெடயாது."

அன்றே பால்ராஜிடம் போய் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டிருக்கிறார். அருகிலேயே பள்ளிகள் இருக்கும்போது செம்பூருக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். ஆங்கிலம், நல்ல படிப்பு என்று எல்லாப் பெற்றோரும் சொல்வதைச் சொல்வார் என்று நினைத்தேன். "எங்க வீட்டு லைன்ல ஒரு புள்ளையும் அவகூட வெளயாடாது. சுடல மவன்னா அவங்க அம்மாமாரு இழுத்துட்டுப் போயிருதாவ. இங்க எம் பேரு யாருக்கும் தெரியாதுல்லா?" என்றார்.

சலுகை கேட்கும் பெற்றோர் மீது நடப்பில் போலீஸ் வழக்கு எதுவும் இருக்கக்கூடாது என்று எங்கள் பள்ளியில் அப்போது ஒரு விதி இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். பழைய வழக்குகள் எல்லாம் முடிந்துவிட்டன என்றார். "புதுசா ஒண்ணு வந்தா?" என்று கேட்டார். வந்தால் மனு சேர்க்கைக் கமிட்டியில் நிற்காது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

சலுகை மனு போட்டவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதுவதும் என் வேலையில் அடக்கம். ஒரு சனிக்கிழமை பகலில் தாராவிக்குப் போனேன். மாஹிம் ஸ்டேஷன் பக்கம் செல்வி காத்திருந்து அழைத்துப்போனாள். ஒற்றை அறை. கட்டிலுக்கு அடியில் பாத்திரங்கள், மேலே துணிக்கொடி. பூஜா எனக்கு ஹிந்தியில் ஒரு பாட்டுப் பாடிக் காட்டினாள். டீயை வாயில் வைத்திருப்பேன். வெளியே ஒரு குரல். "ஏல சுடல, வெளிய வால."

பால்ராஜின் ஆட்கள், நான்கு பேர். ஒருவன் கையில் ஹாக்கி மட்டை. ஒருவன் பெல்ட்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு குடும்பத்தைக் காலி செய்ய அன்று சுடலைமுத்துவை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார் பால்ராஜ், இவர் போகவில்லை. சுடலைமுத்து எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார். செல்வி அவர் சட்டையைப் பிடித்தாள். "நீ உள்ள இரி" என்றார். வாசலைத் தாண்டி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மற்ற கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. கை பிரியவில்லை. மட்டை விலாவில் இறங்கியபோது பச்சைக் கொம்பை முறிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. முழங்காலில் விழுந்தார். பெல்ட்டின் கொக்கி நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்க, ஒற்றைக் கண்ணால் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய ஓங்குல! பெரிய சண்டியருல்லா, ஓங்குல பாப்போம்!" என்று அவர்கள் கத்தினார்கள். தாராவி முழுக்கப் பெயர் சொன்ன அந்தக் கையை அவர்களும் அறிந்தவர்கள்தான். அது எழும்பாதது அவர்களுக்கு வெறியை ஏற்றியது. கீழே கிடந்தவரின் முதுகில் ஏறி மிதித்தார்கள். மணிக்கட்டைப் பிடித்திருந்த இடது கையின் விரல்களை ஒருவன் குதிகாலால் நசுக்கினான். அப்போதுதான் அவர் முதன்முறையாகக் கத்தினார். அது வலியில் வந்த கத்தல் மட்டும் இல்லை. நான் போனைக் காதில் வைத்திருப்பதை அவர் பார்த்துவிட்டார். "போலீஸ் வேண்டாம் டீச்சர்! ரெண்டு பக்கத்து மேலயும் கேஸ் போடுவான். போலீஸ் வேண்டாம்!"

சந்தில் இருந்த கடைகளின் ஷட்டர்கள் இறங்கிவிட்டன. நான் நடுவே போய் நின்றேன். ஒருவன் என்னைத் தள்ளியதில் சாக்கடை ஓரம் விழுந்தேன். அதைப் பார்த்துத்தான் மாடி அறையிலிருந்த பாக்கியம் என்ற பெண்ணுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். "பொம்பள மேல கை வைக்கியளா, நாசமாப் போவானுவளா!" என்று ஒரு குரல் கேட்டது. கூடவே ஒரு பானை வடிகஞ்சி, கொதிக்கக் கொதிக்க, மட்டை வைத்திருந்தவன் தோளில் விழுந்தது. அவன் அலறிக்கொண்டு ஓடினான். எதிர்வீட்டுக் கதவுகள் திறந்து பெண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள்.

சுடலைமுத்துவைப் புரட்டி உட்காரவைத்தோம். வாயிலிருந்து ஒரு பல்லைத் துப்பினார். பூஜா வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். மெதுவாகப் பக்கத்தில் வந்து, "பப்பா, நீங்க ஏன் அடிக்கல?" என்று கேட்டாள்.

"நீ ஸ்கூலுக்குப் போணும்லா" என்றார்.

அவள் அதை யோசித்தாள். பிறகு அவருடைய நசுங்காத கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வைத்தியத்துக்குத் தூக்கிப்போகும்வரை விடவில்லை.

தையல் பிரிக்காத தலையோடும், கட்டுப் போட்ட கையோடும் அவர் இண்டர்வியூவுக்கு வந்தார். ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாக டாக்டரிடம் சொல்லியிருந்தார். கமிட்டியிலும் அதையே சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். எங்கள் டிரஸ்டி ஒரு வயதான மனிதர், குறைவாகப் பேசுபவர். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். இவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"என்ன ஆயிற்று?"

"அடிச்சாங்க."

"ஏன்?"

"முன்னால அவங்ககூட இருந்தேன். இப்ப இல்ல."

"நீங்கள் திருப்பி அடித்தீர்களா?"

"இல்ல சார். அடிச்சிருந்தா இப்ப இந்தச் சேர்ல இருக்க மாட்டேன். ஸ்டேஷன்ல இருப்பேன்."

கமிட்டியிலிருந்த இன்னொரு அம்மையார் கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஆட்கள் நாளைக்குப் பள்ளி வாசலுக்கு வந்தால் மற்ற குழந்தைகளின் கதி என்ன? மொழிபெயர்க்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் சுடலைமுத்துவிடம் சொன்னேன்.

"வர மாட்டாங்கன்னு நான் சொல்ல முடியாது. வந்தா கேட்டுக்கு வெளிய நான் நிப்பேன்."

"நின்று என்ன செய்வீர்கள்?"

"அடி வாங்குவேன்."

அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன். டிரஸ்டி கையைக் காட்டி நிறுத்தினார். தமிழ் தெரியாத அவருக்கு அது புரிந்துவிட்டது.

பூஜாவுக்கு இடம் கிடைத்தது. முழுச் சலுகை கிடைக்கவில்லை, பாதிதான். மீதிக்காகச் செல்வி செம்பூரில் இரண்டு வீடுகளில் சமையலுக்குச் சேர்ந்தாள். இவர் கோடவுன் வேலை முடிந்தபின் கோவண்டியில் லாரிக்குச் சரக்கு ஏற்றினார். இடது கையில் இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. பூஜா பள்ளியில் சேர்ந்த ஆண்டு முழுவதும், சொன்னபடி, மணி அடிக்கும் நேரத்துக்கு வாசலுக்கு வெளியே வந்து நின்றார். ஒருமுறை அந்த ஆட்களில் ஒருவன் பைக்கில் வந்து அவர் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனான். பக்கத்திலிருந்த தாய்மார்கள் பதறினார்கள். அவர் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு, குழந்தைகள் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பால்ராஜ் வேறொரு வழக்கில் உள்ளே போனார், ஆட்களும் கலைந்தார்கள்.

அவரைப் புனிதராக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. செல்வியும் அதை ஒப்பமாட்டாள். பூஜா ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் காலையில், ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது, குடித்திருந்த வாடை இன்னும் போகவில்லை.

"நேத்து செல்வி மேல கை நீண்டுட்டு டீச்சர். ஒதடு கிழிஞ்சிட்டு. பூஜா நடுவுல வந்து நின்னா. ஸ்கூல்ல சொல்லணும்னா சொல்லுங்க. நானே வந்து சொல்லிட்டேன்."

நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. "ஸ்கூல்ல சொல்றதுக்கு இது மார்க் விஷயம் இல்லை. இன்னொரு தடவை நடந்தா செல்வியை நானே ஸ்டேஷனுக்கு அழைச்சிண்டு போவேன். கேஸ் நான் போடச் சொல்வேன்" என்றேன். "போடுங்க" என்றார். அன்று மாலையே செல்வியைப் போய்ப் பார்த்தேன். அவள் உதட்டில் நான்கு தையல். அதற்குப் பிறகு நடக்கவில்லை என்று செல்வி சொன்னாள். இந்தத் துக்க வீட்டிலும், அவர் உடல் வருவதற்காகக் காத்திருந்தபோது, நான் கேட்காமலே அதை மறுபடி சொன்னாள். "அதுக்கப்புறம் அவரு என்னத் தொட்டு அடிக்கல டீச்சர். குடிச்சா வெளிய படுத்துக்கிடுவாரு."

உடல் போஸ்ட்மார்ட்டம் முடிந்து வந்த மத்தியானம் சந்து நிரம்பிவிட்டது. அழுகைச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தமும் கேட்டது: சுவரில் தட்டப்படும் கம்பிகள். அவரை அண்ணன் என்று கூப்பிட்ட இளைஞர்கள் இருபது முப்பது பேர், கையில் குழாய், மட்டை, ஒருவனிடம் தோல் அறுக்கும் கத்தி. குழாயால் அடித்தவன் கைதாகிவிட்டான். அவன் தம்பியும் அம்மாவும் மூன்று சந்துகள் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அந்த வீட்டுக்குத்தான் இவர்கள் கிளம்பினார்கள்.

பூஜா பாடைக்கு அருகிலிருந்து எழுந்து போய்ச் சந்தின் வாயை மறித்து நின்றாள். இப்போது கல்லூரியில் படிப்பவள். தகப்பனின் உயரமும் அகலமும் அவளுக்கு இல்லை.

"எங்கப்பா பேரச் சொல்லி எவனும் கை ஓங்கக்கூடாது."

"அண்ணன அடிச்சவன் வீட்ட சும்மா விடச் சொல்லுதியா? தள்ளு பூஜா."

"கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கேன். சாட்சி இருக்கு. நான் கோர்ட்டுக்குப் போவேன். உங்க யாரு மேலயாவது கேஸ் வந்தா அது கெட்டுப் போயிரும். போகணும்னா மொதல்ல என்ன அடிச்சிட்டுப் போங்க."

கத்தி வைத்திருந்தவன் அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். மீட்டர் பெட்டியில் அவள் தலை மோதியது. புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கன்னத்தில் ஓடியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து பழைய இடத்திலேயே வந்து நின்றாள். செல்வி போய்ப் பக்கத்தில் நின்றாள். பாக்கியமும் வயதான கால்களை இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பிறகு மற்ற பெண்கள்.

எல்லோரும் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள். கத்திக்காரன் மட்டும் சட்டைக்குள் கத்தியைச் செருகிவிட்டு, அழுதுகொண்டே போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தான். அன்று அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. கொள்ளி வைத்தது பூஜா. நெற்றியில் கட்டோடு அவள் சுடுகாட்டுக்குள் நடந்துபோனதை, நான் வாசலில் நின்று பார்த்தேன்.

வழக்கு இருப்பவர்களுக்குச் சலுகை இல்லை என்ற அந்த விதி இப்போது எங்கள் பள்ளியில் இல்லை. கமிட்டியில் அதை எடுக்கச் சொல்லிப் பேசிய ஒவ்வொரு ஆண்டும், பெயர் சொல்லாமல், அவர் கதையைத்தான் சொன்னேன். இனிப் பெயர் சொல்லலாம். நல்ல தகப்பன் என்று நிரூபிக்க ஒரு மனிதன் நடுச்சந்தில் கையைக் கட்டிக்கொண்டு எலும்பு முறியக் கிடக்கவேண்டும் என்றால், அந்த நிரூபணத்தைக் கேட்கும் உரிமை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். எதிரே ஒருவர் வந்து, பாதி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே பதில் சொல்லத் தயாராகிறார். இந்த நாற்காலிவரை வந்து சேர அவர் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை மறக்காமல் கேள்வி கேட்கிறேன். சுடலைமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.